டிசம்பரில் பிறந்தவர்கள்

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பள்ளிச் சேர்க்கைக்கு வயதைக் கணக்கிடும் நாள் டிசம்பர் 31. அன்று இரவு பதினொன்றரைக்குப் பிறந்த குழந்தையும், அடுத்த கட்டிலில் நள்ளிரவு தாண்டிப் பிறந்த குழந்தையும் ஒரு மணி நேரத்துக்குள் உலகத்துக்கு வந்தவர்கள். பள்ளியைப் பொறுத்தவரை இருவருக்கும் இடையே ஒரு முழு வருடம். முதல் குழந்தை தன் வகுப்பிலேயே இளையது. இரண்டாவது, அடுத்த வருட வகுப்பில் மூத்தது. ஆறு வயதில் பதினோரு மாதம் என்பது சின்ன இடைவெளி இல்லை. பென்சில் பிடிக்கிற விரலில், வரிசையில் நிற்கிற காலில், தன் முறை வரும்வரை மூடியிருக்க வேண்டிய வாயில் அது தெரியும். அந்த மாகாணத்தில் 6 முதல் 12 வயது வரையுள்ள 9,37,943 குழந்தைகளின் பதினோரு ஆண்டுப் பதிவுகளை வைத்து 2012இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு) என்று எழுதப்படும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம்; பெண் குழந்தைகளில் 70 சதவீதம் அதிகம். மாத்திரை எழுதித் தருவதில் இந்த வித்தியாசம் இன்னும் கூடுகிறது: பையன்களில் 41, பெண்களில் 77. பிறந்த மாதத்தை வைத்துப் பலன் சொல்வதை ஜோசியம் என்று சிரிக்கிற நவீன மருத்துவம், தன்னை அறியாமல் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இது கனடாவின் தனிக் கோளாறு இல்லை. அமெரிக்காவில் செப்டம்பர் 1ஐ எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பெயர் கிடைக்கும் வாய்ப்பு 34 சதவீதம் அதிகம் என்று 2018இல் கணக்கிட்டார்கள். தைவானிலும் ஆகஸ்டுக் குழந்தைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். டென்மார்க்கில் தேடியபோது மட்டும் இந்த வித்தியாசம் ஏறக்குறையக் காணவே இல்லை. டென்மார்க் மூளை வேறு, கனடா மூளை வேறு என்று யாரும் சொல்லப்போவதில்லை. அங்கே, பிள்ளை இன்னும் பள்ளிக்குத் தயாராகவில்லை என்று பெற்றோருக்குத் தோன்றினால் ஒரு வருடம் தள்ளிப்போடுவது சாதாரணம். வகுப்பின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களில், குறிப்பாகப் பையன்களில், கணிசமானோர் அப்படிக் காத்திருந்துதான் சேர்கிறார்கள். தவிர, இந்த மாத்திரையைத் தொடங்கும் அதிகாரம் அங்கே சிறப்பு மருத்துவர்களுடையது. வாசலில் இரண்டு ஏற்பாடுகளை மாற்றியதும் ஒரு 'நோயின்' பரவல் மாறிவிடுகிறது.

ஒரு நாட்டில் நூற்றுக்கு இத்தனை குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி., ஆயிரத்துக்கு இத்தனை பேருக்கு ஆட்டிசம் என்று செய்தித்தாளில் வரும் எண்ணை நாம் மழையளவு மாதிரிப் படிக்கிறோம். இங்கே இத்தனை சென்டிமீட்டர், அங்கே அத்தனை என்று ஒப்பிடுகிறோம். மழைமானி எங்கே வைக்கப்பட்டிருந்தது, யார் வந்து குறித்துப்போனார்கள், குறிக்காத நாளுக்கு என்ன எழுதினார்கள் என்று கேட்பதில்லை. நாட்டுக்கு நாடு வேறுபடும் இந்த எண்கள் குழந்தைகளைப் பற்றிச் சொல்வதைவிட, அந்தக் குழந்தைகள் வந்து நிற்கும் வகுப்பறை, சட்டம், விண்ணப்பப் படிவம் ஆகியவற்றைப் பற்றியே அதிகம் சொல்கின்றன என்பது என் வாதம். இதைச் சொன்னவுடன் எழும் எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும்: அப்படியானால் இதெல்லாம் கட்டுக்கதையா? இல்லை. 1977இல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் ஆட்டிசம் உள்ள இரட்டையர்கள் 21 ஜோடியைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இருவருக்கும் இல்லை. பிற்பாடு வந்த பெரிய ஆய்வுகள் ஆட்டிசத்திலும் ஏ.டி.எச்.டி.யிலும் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது என்பதை உறுதிசெய்தன. குழந்தையின் சிரமம் கட்டுக்கதை ஆகாது. அந்தச் சிரமத்தின் எந்தப் புள்ளியில் கோடு கிழிப்பது, கோட்டுக்கு அப்பால் நிற்பவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதைத்தான் மனிதர்கள் முடிவுசெய்கிறார்கள். ரத்த அழுத்தத்திலும் கோடு கிழிப்பது மனிதர்கள்தான். ஆனால் அங்கே பாதரசம் ஒன்று இருக்கிறது. இங்கே இருப்பது ஆசிரியரின் பொறுமை.

அந்தப் பொறுமைக்கு ஊர் உண்டு. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வயதுப் பையன்கள் நான்கு பேரின் நடத்தையைப் படம்பிடித்த அதே வீடியோவைச் சீனா, இந்தோனேசியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு மனநல நிபுணர்களுக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். சீன, இந்தோனேசிய நிபுணர்கள் போட்ட மிகை இயக்க மதிப்பெண் மற்ற இரு நாட்டவர் போட்டதைவிடத் தெளிவாக அதிகம். பையன்கள் அவர்களேதான், அசைவும் அதேதான். பார்த்த கண்தான் வேறு. இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அமெரிக்கர்கள்தான் பிள்ளைகளின் துறுதுறுப்பைப் பொறுக்கமாட்டாமல் மாத்திரை கொடுக்கிறார்கள் என்பது நம் பக்கத்தில் பிரபலமான பேச்சு. வீடியோவைப் பார்த்தபோது சீன, இந்தோனேசிய நிபுணர்களுக்குத்தான் துறுதுறுப்பு அதிகம் உறுத்தியிருக்கிறது. அறுபது பேரை ஒரே அறையில் கைகட்டி உட்கார வைப்பதை ஒழுக்கம் என்று பழகிய கண்ணுக்கு, எழுந்து ஜன்னலுக்குப் போகிறவன் அதிகம் தெரிவான். பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வு இதன் மறுபக்கம்: ஆசியப் பின்னணிக் குழந்தைகளை ஆசிரியர்கள் மிகை இயக்கம் உள்ளவர்களாகக் குறித்தார்கள், அசைவைக் கருவியால் அளந்தபோது அதே அளவுக்குக் குறிக்கப்பட்ட வெள்ளைக் குழந்தைகளைவிட அவர்கள் குறைவாகவே அசைந்திருந்தார்கள். ஆசியப் பிள்ளை என்றால் அடக்கமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பே அளவுகோலாகிவிட்டது.

அமெரிக்காவில் 2022 கணக்கெடுப்பில் 3 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக எப்போதாவது ஒரு மருத்துவர் சொல்லியிருப்பதாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். பிரேசிலைச் சேர்ந்த கில்ஹெர்மே பொலன்ச்சிக்கும் கூட்டாளிகளும் 2007இல் உலகம் முழுவதிலுமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி 5.29 சதவீதம். நாடுகளுக்கு இடையே தெரிந்த வேறுபாட்டின் பெரும்பகுதி, எந்த விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த முறையில் எண்ணினார்கள் என்பதிலிருந்தே வந்தது என்றார்கள். ஒரே விதியால் எண்ணினால் முப்பது ஆண்டுகளில் பரவல் கூடியதற்குச் சான்று இல்லை என்று 2014இல் அவர்களே மறுபடியும் எழுதினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஏ.டி.எச்.டி. என்றது, ஐரோப்பாவில் புழங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பட்டியல் அதைவிடக் கறாரான 'மிகை இயக்கக் கோளாறு' என்ற பெயரை வைத்திருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. எண்கள் இனி ஏறும். பிள்ளைகள் மாறியதால் இராது.

ஆட்டிசத்தில் இந்த ஏற்றம் இன்னும் செங்குத்து. 1966இல் விக்டர் லாட்டர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் சேகரித்துச் சொன்ன எண் பத்தாயிரத்துக்கு நான்கரை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுக் குழந்தைகளிடையே எடுத்த கணக்கில் 2000இல் 150க்கு ஒருவர், 2010இல் 68க்கு ஒருவர், 2022இல் 31க்கு ஒருவர். கொள்ளைநோய் என்று இதை அரசியல்வாதிகள் மேடையில் சொல்கிறார்கள். அதே 2022 கணக்கின் உள்ளே நுழைந்து பார்த்தால் டெக்சாஸ் மாநிலத்தின் லாரெடோவில் 103 பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவின் கணக்கெடுப்பு மையத்தில் 19 பேருக்கு ஒருவர். ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே விதி. ஐந்து மடங்கு வித்தியாசம். மெக்சிகோ எல்லையோரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதோ காப்பு இருக்கிறது என்று நம்புவதா, அல்லது கலிபோர்னியாவில் சிறு வயதிலேயே சோதித்து, கண்டுபிடித்து, உதவிக்கு அனுப்பும் வலை அடர்த்தியாக இருக்கிறது என்று நினைப்பதா? டென்மார்க்கில் 1980க்கும் 1991க்கும் இடையே பிறந்த எல்லாக் குழந்தைகளையும் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, ஆட்டிச ஏற்றத்தில் 60 சதவீதத்துக்குக் காரணம் இரண்டு அலுவலக மாற்றங்கள் என்றது: 1994இல் விதி விரிந்தது, 1995இல் புறநோயாளிகளின் பெயரும் பதிவேட்டில் ஏறியது. மீதி நாற்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தாய் தந்தையரின் வயது, குறைமாதத்தில் பிறந்து பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, இன்னும் கூடிய விழிப்புணர்வு என அதற்குள் பல இருக்கலாம். சிலர் சொல்வதுபோலத் தடுப்பூசி இல்லை. ஜப்பான் 1993இல் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்தியே விட்டது; யோகஹாமாவில் ஆட்டிச எண் அதன் பிறகும் ஏறிக்கொண்டுதான் போனது.

பெயர் வைப்பதில் குடும்பத்துக்கும் ஒரு கை இருக்கிறது என்பதைத் தென் கொரியா அளவுக்குக் காட்டிய நாடு வேறில்லை. சோலுக்குப் பக்கத்தில் கோயாங் நகரின் இல்சான் பகுதியில் 7 முதல் 12 வயது வரையுள்ள சுமார் 55,000 பிள்ளைகளை இலக்காக வைத்து கிம் யங் ஷின் குழுவினர் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. கிடைத்த எண் 2.64 சதவீதம், அன்றைய அமெரிக்க எண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த எண்ணைவிட முக்கியமானது, அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சாதாரணப் பள்ளியில், எந்தப் பெயரும் எந்த உதவியும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது. அந்த ஆய்வில் பங்குகொண்ட மானுடவியலாளர் ராய் ரிச்சர்ட் கிரிங்கர், கொரிய அம்மாக்கள் ஆட்டிசம் என்ற சொல்லைத் தவிர்த்து 'பற்றுக் குறைபாடு' என்ற இன்னொரு பெயரை ஏற்றுக்கொள்வதைப் பதிவுசெய்திருக்கிறார். பற்றுக் குறைபாடு என்றால் அம்மா போதிய பாசம் காட்டவில்லை என்று பொருள். ஏன் ஒருத்தி அந்தப் பழியை வலிந்து ஏற்கவேண்டும்? ஆட்டிசம் என்றால் ரத்தத்தில் வருவது, குடும்பத்துக்கே களங்கம், அடுத்த பெண்ணுக்கு வரன் அமையாது. பற்றுக் குறைபாடு என்றால் குற்றம் அம்மாவோடு நின்றுவிடும், அவள் திருந்தினால் பிள்ளையும் தேறும். இதைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கொரியாவில் அம்மாக்கள் சுமந்த பழியைப் பிரான்சில் மருத்துவர்களே சுமத்தினார்கள். சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல், ஆட்டிசத்துக்குத் தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று வாதிட்டது. அமெரிக்கா அதைச் சீக்கிரமே கைகழுவியது. உளப்பகுப்பாய்வு வேரோடிய பிரான்சில் அது பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. நாட்டுக்கெனத் தனி நோய்ப்பட்டியல் ஒன்றே இருந்தது. அதில் பல பிள்ளைகள் 'குழந்தைப் பருவ உளப்பிறழ்வு' வகைப் பெயர்களுக்குள் போனார்கள். குளிர்ந்த ஈரத்துணியைக் குழந்தையின் உடம்பைச் சுற்றி இறுகக் கட்டுவது ஒரு சிகிச்சையாகவே நடந்தது. 2012இல்தான் பிரெஞ்சு சுகாதார உயர் ஆணையம் அந்த ஈரத்துணியை எதிர்த்தது. இந்தப் பிள்ளைகளின் கல்வி உரிமையைத் தவறவிட்டதற்காக அதற்கு முன்பே ஒரு ஐரோப்பியக் குழு பிரான்சைக் கண்டித்திருந்தது. பணக்கார நாடு, படித்த மருத்துவர்கள், தேவையான கோட்பாடு எல்லாம் இருந்தும் குழந்தையைத் தவறாகப் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பண்பாட்டின் பெயரால் வரும் ஆட்சேபம் ஒன்று உண்டு: கருவிகளே மேற்கத்தியவை, அவற்றால் நம் பிள்ளைகளை அளப்பது தவறு. இதில் பாதி உண்மை. ஆட்டிசத்தைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் சோதனை ஒன்றில் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு பொம்மைப் பாப்பா, அதற்குப் பிறந்தநாள். களிமண் மாதிரியான மாவைத் தட்டிக் கேக் செய்து, குச்சிகளை மெழுகுவத்தியாக நட்டு, வாழ்த்துப் பாடி, ஊதி அணைத்து, வெட்டி, பாப்பாவுக்கு ஊட்ட வேண்டும். குழந்தை இதில் தானாகச் சேர்ந்துகொள்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கேக்கையே பார்த்திராத ஊரில் இது என்ன சோதனை என்று ஒரு காலத்தில் கேட்டிருக்கலாம். இன்று நம் கிராமங்களில் கேக் வெட்டாத பிறந்தநாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசுவது மரியாதைக்குறைவு என்று வளர்க்கப்படும் பிள்ளையிடம் கண்பார்வையை எண்ணுவது இதைவிடப் பெரிய சிக்கல். ஆனாலும் இந்த ஆட்சேபத்தின் மறுபாதியை நான் ஏற்கவில்லை. பெரியவர்களை நிமிர்ந்து பார்க்காத பிள்ளை, தன் வயதுக் கூட்டாளியைப் பார்க்கும். அம்மாவின் முகம் வாடினால் கவனிக்கும். நிலாவைக் கண்டால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு நாம் பார்த்தோமா என்று திரும்பும். அந்தத் திரும்புதல் வராத பிள்ளையைப் பார்த்து 'நம்ம பண்பாட்டில் இதெல்லாம் சகஜம்' என்று சொல்வது பண்பாட்டுக்கும் நியாயம் செய்யாது, பிள்ளைக்கும் செய்யாது.

இன்னும் நயமான ஆட்சேபமும் இருக்கிறது. மேற்கு எல்லாவற்றுக்கும் பெயர் வைக்கிறது, நம் கூட்டுக்குடும்பமும் தெருவும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெயர் வைக்காமலே தாங்கிக்கொண்டன என்பது. கேட்க இதமாக இருக்கிறது. பெயரே வைக்காத சமூகம் எங்கே இருந்தது? வாலு, சேட்டை என்பதில் செல்லம் இருக்கிறது, சரி. அடங்காப்பிடாரி, மக்கு, திமிர் பிடித்தவன், பித்துக்குளி என்பவையும் பெயர்கள்தான். சான்றிதழ் இல்லாதவை, மேல்முறையீடும் இல்லாதவை. அடியாத மாடு படியாது என்ற பழமொழி ஒரு சிகிச்சைக் குறிப்பாக வகுப்பறைகளில் எத்தனை தலைமுறை புழங்கியது! ஏ.டி.எச்.டி. எண்ணிக்கை குறைவாக இருக்கும் நாட்டில் அந்தப் பிள்ளைகள் பெயரற்றுச் சுதந்திரமாக ஓடித் திரிகிறார்கள் என்பதற்குச் சான்று இல்லை. பள்ளியை விட்டு நின்றவர்களின் கணக்கில் எத்தனை பேர் அவர்கள் என்று யாரும் எண்ணவில்லை.

பெயரைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு நியாயமும் இருக்கிறது. வரலாறு அவர்கள் பக்கம் ஒரு கறுப்புப் பக்கத்தை வைத்திருக்கிறது. 1944இல் வியன்னாவில் இப்படிப்பட்ட குழந்தைகளை விவரித்த ஹான்ஸ் ஆஸ்பெர்கரின் பெயரில்தான் பிற்காலத்தில் ஒரு நோய்ப்பெயரே புழங்கியது. நாஜி ஆட்சியின் கீழ், தேறமாட்டார்கள் என்று அவர் கருதிய சில குழந்தைகளை ஆம் ஸ்பீகல்குரூண்ட் என்ற இடத்துக்கு அவர் அனுப்பியதை 2018இல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டார். அங்கே ஏறக்குறைய எண்ணூறு குழந்தைகள் இறந்தார்கள். ஒரே மேசையில் எழுதப்பட்ட கண்டறிதல் ஒரு பிள்ளைக்குச் சிறப்புப் பாடத்தையும் இன்னொரு பிள்ளைக்குச் சாவையும் தந்தது. பெயர் எவ்வளவு துல்லியம் என்பதோடு, அதைக் கையில் வைத்திருக்கும் அரசு அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறது என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

பெயர் இன்று ஒரு சாவி. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தைச் சிறப்புக் கல்விக்குரிய தனி வகையாக்கியது. அதுவரை பள்ளிக் கணக்கில் அப்படி ஒரு கட்டமே கிடையாது, கட்டம் வந்ததும் நிரம்பத் தொடங்கியது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளும் உதவிக்கு உரியவர்களே என்று அடுத்த வருடமே கல்வித் துறை கடிதம் அனுப்பியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மருத்துவர்களிடம் விசாரித்தபோது, சந்தேகம் வந்தால் பள்ளி உதவிக்காக ஆட்டிசம் என்றே எழுதிவிடுவோம் என்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒத்துக்கொண்டார்கள். இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டை ஒரே ஒரு சாவிக்குச் செய்து வைத்துவிட்டு, சாவி அதிகம் வெட்டப்படுகிறதே என்று வருந்துவதில் அர்த்தம் இல்லை. 2011 முதல் ஃபின்லாந்து பள்ளிகளில் நடந்த ஏற்பாடு இன்னொரு வழியைக் காட்டியது: பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று ஆசிரியர்கள் எழுதினால் போதும், மருத்துவப் பெயர் இல்லாமலே கூடுதல் பாடமும் துணை ஆசிரியரும் படிப்படியாகக் கிடைத்தன. ஃபின்லாந்திலும் ஏ.டி.எச்.டி. எழுதப்படுகிறது, வகுப்பில் இளையவர்களுக்கு அங்கேயும் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. சாவியைத் தேடிப் பெற்றோர் மருத்துவரிடம் ஓடவேண்டிய அவசரமாவது குறைந்தது.

இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்க 40 கேள்விகள் கொண்ட சொந்த அளவுகோல் இருக்கிறது. 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம், 107இலிருந்து மிதமானது, 153ஐத் தாண்டினால் தீவிரம். அதை வைத்துத்தான் சான்றிதழ் சதவீதம் கணக்கிடப்படுகிறது; 40 சதவீதத்தைத் தொட்டால்தான் பல சலுகைகளின் கதவு திறக்கும். ஓரளவு பேசக் கற்று, ஓரளவு வகுப்பில் அமரப் பழகி, தெரபிக்குக் கடன் வாங்கி அழைத்துப்போன பெற்றோரின் பிள்ளை, அந்த முன்னேற்றத்தாலேயே கோட்டுக்குக் கீழே போய்விடலாம். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு மருத்துவக் குழுவின் முன்னால் போய் நிற்க ஒரு கதவாவது இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. இல்லை.